ஒரு கண் போதுமா?

'போதும்' என்கிற சொல்லை யார் சொல்லலாம்? இலையில் உட்கார்ந்தவன் கையை மறித்து 'போதும்' என்றால் அது வயிறு நிறைந்த பேச்சு. பரிமாறுகிறவன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு 'போதும்' என்றால் அது வேற பேச்சு. ரெண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். அதனால் ரெண்டாவதைச் சொல்லிவிட்டு முதலாவதைச் சொன்ன மாதிரி காட்டிக்கொள்வது சுலபம். நம்ம சனங்களுக்கு இந்தச் சொல் எப்போதும் கரண்டி பிடித்தவர் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது. நிலமா, கூலியா, படிப்பா, எல்லாத்துக்கும் ஒரு 'போதும்' உண்டு. நான் இங்கே பேசப்போவது கண்ணைப் பற்றி.

எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் இலவசப் பிரிவில் செய்துகொண்டேன். நல்லபடியாகச் செய்தார்கள், மரியாதையாகவும் நடத்தினார்கள். ஆகவே இதை யார் மேலேயும் புகாராக எழுதவில்லை. ஒரு கண் தெளிந்து ஒரு கண் தெளியாமல் இருக்கிற இந்த இடைக்காலத்தில் மனசுக்குள் ஓடுகிற ஒரு நியாய வழக்கை எழுதிப் பார்க்கிறேன்.

நான் சிம்மக்கல் பக்கம் அச்சாபீசில் கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்து போய் ஆப்செட் வந்த பிறகு புரூப் பார்க்கிற வேலை. கண்ணை வைத்தே சோறு தின்றவன். அதனால் கண்ணில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனமாகவே பார்க்கிற பழக்கம் உண்டு.

கட்டு அவிழ்த்த அன்றைக்கு முதலில் தெரிந்தது நிறம். இடது கண்ணை மூடிக்கொண்டு வேட்டியைப் பார்த்தால் நீலம் போட்டு அலசின வெளுப்பு. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அதே வேட்டி டீத்தண்ணியில் முக்கின மாதிரி. வயசாக வயசாகக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்குமாம். அது மெல்ல மெல்ல நடப்பதால் ஆளுக்குத் தெரியாது. பத்து வருசமாக நான் வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்தப் பழுப்பைத்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண் கிடைக்கிற வரைக்கும் அது பழுப்பு என்று எனக்கு யாரும் சொல்லவும் முடியாது, சொன்னால் நான் நம்பவும் மாட்டேன். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923இல் வலது கண்ணில் மட்டும் புரை ஆபரேசன் நடந்தது. இடது கண்ணுக்கு அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நிறத்தையே தொழிலாக வைத்திருந்த ஆள், ஒரு கண்ணுக்கு நீலமும் ஒரு கண்ணுக்கு மஞ்சளுமாக அல்லாடினார். எனக்கு வேட்டி, அவருக்குக் குளத்துத் தாமரை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது தூரம். ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ரெண்டு கண்ணும் சேர்ந்துதான் நுட்பமாகக் கணக்குப் போடுகின்றன. ஒன்று தெளிவாகவும் ஒன்று கலங்கலாகவும் படம் அனுப்பினால் மூளை கலங்கலை ஒதுக்கிவிடப் பார்க்கும். ஒதுக்கவும் முழுசாக முடியாது. செம்பிலிருந்து கிளாசுக்குத் தண்ணி ஊற்றினால் கிளாசுக்கு முன்னாடி விழுகிறது. டவுன் பஸ் படியில் வைக்கிற கால் படிக்கு மேலே ஒரு விரற்கடை காத்தில் நிற்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டும்போது ஆட்டோ வருகிறது என்பது தெரிகிறது, எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது தெரியவில்லை. இருட்டினால் எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் புரைக் கண்ணில் சிதறி, நல்ல கண் பார்க்கிறதையும் சேர்த்துக் கெடுக்கிறது.

மனுசன் எதையும் சமாளிப்பான். கிளாஸ் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றப் பழகினேன். வீட்டுப் படி ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து வைத்தேன். கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையே திருப்பிப் பார்க்கிறேன். பேசுகிறவரை வலது பக்கம் உட்காரச் சொல்கிறேன். பழைய கண்ணாடியில் வலது பக்கச் சில்லைக் கழற்றிவிட்டேன். பஸ் போர்டு படிக்க வலது கண். பொடி எழுத்து படிக்க, இன்னும் படிப்புக் கண்ணாடி வாங்காததால், இடது கண்தான். புரை முத்துகிறபோது சிலருக்குக் கிட்டப்பார்வை கூடி, கண்ணாடி இல்லாமலே பக்கத்தில் படிக்க வரும். எனக்கு அந்த அதிர்ஷ்டம். இந்தக் கட்டுரையின் புரூபை அந்தப் பழுப்புக் கண்ணால்தான் பார்ப்பேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "அதான் நல்லாச் சமாளிக்கிறீங்கள்ல அண்ணே, இன்னொரு ஆபரேசன் எதுக்கு? ஒண்ணு போதும்ல?"

நல்ல மனுசன். பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. நான் சமாளிக்கிறது எனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறதே. விழுந்து எழுந்து ஒருத்தன் நடக்கப் பழகினால் அவனுக்கு ரோடு போட வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா? நம்ம சனம் தலைமுறை தலைமுறையாகச் சமாளித்தே வந்த சனம். மூணு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனோம், அதனால் பஸ் கேட்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம், அதனால் கரண்ட் கேட்க வேண்டியதில்லை. சமாளிக்கிற திறமை அதிகமாக அதிகமாகக் கொடுக்க வேண்டியது குறைந்துகொண்டே போகும் என்றால், அந்தக் கணக்கில் கோளாறு இருக்கிறது.

இந்த 'ஒண்ணு போதும்' எனக்குப் புதுசு இல்லை. இதை எங்க ஆத்தாவுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆத்தா வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு பாசனத்து வயல்களில் நடவும் களையெடுப்புமாக வாழ்ந்தவள். 1986இல் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்த கண் முகாமில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். முகாம் நடக்கிற சேதியே எங்க காலனிக்குக் கடைசி நாள்தான் வந்தது. அன்றைக்கு உள்ளே லென்ஸ் வைக்கிற வழக்கம் ஏழைகளுக்கு இல்லை. புரை பிடித்த லென்சை எடுத்துவிட்டு, தையல் போட்டு, சில நாள் ஆடாமல் அசையாமல் படுக்க வைத்து, பிறகு ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடி எதையும் கால் பங்கு பெருசாக்கிக் காட்டும். பெருசாகத் தெரிவதால் பக்கத்தில் இருக்கிற மாதிரி தோணும், நீட்டின கை எட்டாது. நேரே பார்த்தால் தெரியும். பக்கவாட்டில் ஒரு வளையம் மாதிரி ஒன்றுமே தெரியாது. அந்த வளையத்துக்குள் இருக்கிற ஆடு, மாடு, ஆள் எல்லாம் திடீர் என்று முளைத்து நிற்கும். "வெறும் இடத்துல இருந்து குதிச்சு வருதுடா" என்பாள். ஒரு கண் பெரிய படமும் ஒரு கண் சின்னப் படமும் காட்டினால் ரெண்டையும் மூளையால் ஒட்ட வைக்க முடியாது. அதனால் மற்றக் கண்ணில் மிச்சம் இருந்த பார்வையும் அவளுக்கு உதவவில்லை.

குனிந்தால் கண்ணாடி சேற்றில் விழும். நூல் கட்டித் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். நெல்லு மாதிரியே இருக்கிற புல்லை நெல்லிலிருந்து பிரிக்கிறதுதான் களையெடுப்பில் சூட்சுமம். அது அவளுக்கு வசப்படவில்லை. நடவு ஆட்களோடு அவளைச் சேர்ப்பதும் நின்றுபோனது. குருவி விரட்டுகிற வேலைக்கு, அரைக் கூலிக்கு, வரப்பில் உட்கார்ந்தாள்.

ரெண்டு வருசம் கழித்து மறுபடி முகாம் வந்தது. இடது கண் முற்றி வெள்ளையாகியிருந்தது. வரிசையில் நின்றாள். அங்கே ஒருத்தர் தன்மையாகச் சொல்லி அனுப்பினார்: "அம்மா, உங்களுக்கு ஒரு கண்ணு தெரியுதுல்ல. ரெண்டும் தெரியாதவங்க நிக்கிறாங்க பாருங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்." ஆத்தா திரும்பி வந்துவிட்டாள். நான் கோபப்பட்டேன். அவள் படவில்லை. "நாயமாத்தானய்யா சொன்னாக. எனக்கு இது போதும்" என்றாள். அடுத்த தடவை வரவில்லை. 1997இல் ஒரு கண்ணோடுதான் செத்தாள்.

'நாயமாத்தான சொன்னாக' என்ற அந்த வார்த்தையை நான் லேசாகத் தள்ள விரும்பவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. நூறு பேர் ரெண்டு கண்ணும் தெரியாமல் நிற்கிறார்கள், நூறு ஆபரேசன்தான் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேருக்கு ரெண்டு கண்ணா, நூறு பேருக்கு ஒரு கண்ணா? நூறு பேருக்கு ஒரு கண்தான். எனக்குச் சந்தேகம் இல்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற தூரம், ஒரு கண்ணிலிருந்து ரெண்டு கண்ணுக்குப் போகிற தூரத்தைவிடப் பெருசு. பந்தியில் எல்லாருக்கும் ஒரு கை சோறு விழாமல் யாருக்கும் மறுசோறு கிடையாது என்பது நம்ம ஊர்ச் சோற்றுத் தர்மமும்கூட.

ஆனால் இந்த நியாயத்துக்குள் மூணு இடத்தில் ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை. 'முதலில் எல்லாருக்கும் ஒன்று' என்பது ஒரு வரிசை. அது எந்த நேரத்தில் 'எல்லாருக்கும் ஒன்றோடு சரி' என்று மாறுகிறது? ஆத்தாவிடம் சொன்னது வரிசை. நடந்தது முடிவு. மறுசோறு உண்டு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு இலையை எடுத்துவிட்டார்கள்.

ரெண்டாவது ஓட்டை. அந்த வரிசையில் யார் நிற்கிறார்கள்? பணம் கட்ட முடிகிறவர் அந்த வரிசையிலேயே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி ரெண்டு வார இடைவெளியில் ரெண்டு கண்ணும் செய்துகொண்டு மூணாவது வாரம் பேப்பர் படித்தார். நல்லது, படிக்கட்டும். அவரிடம் போய் 'ரெண்டும் தெரியாதவங்க நிக்கிறாங்க, ஒண்ணு போதும்' என்று யாரும் சொல்லவில்லை. பகிர்ந்து உண்ணும் தர்மம் இல்லாதவர்களுக்குள் மட்டும் அமலாகிறது. அதைத் தர்மம் என்று சொல்லலாமா?

மூணாவது ஓட்டை. நூறு ஆபரேசன்தான் முடியும் என்கிற அந்த நூறு எங்கிருந்து வந்தது? அது மழையா, வெயிலா? மனுசன் போட்ட கணக்குதானே. இதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற வித்தை 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் தொடங்கியது. உலகப்போரில் விமானம் ஓட்டினவர்கள் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லு பாய்ந்து, அது கண்ணுக்குள்ளேயே தொந்தரவில்லாமல் கிடந்ததைப் பார்த்து அவருக்குத் தோணின யோசனை. அதற்கு 37 வருசம் கழித்து ஆத்தாவுக்குக் கிடைத்தது சோடாபுட்டி. லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்று நூறு டாலர் அளவுக்கு விலை, ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகாது, அவர்களுக்குக் கண்ணாடி போதும் என்ற பேச்சு அன்று படித்தவர்கள் மத்தியில் சாதாரணம். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே ஆபரேசன் செய்தவர். பணம் கட்டுகிறவர் கொடுப்பதை வைத்துக் கட்ட முடியாதவருக்கும் பார்ப்பது என்று நடத்திக் காட்டினார். 1992இல் அவர்களோடு சேர்ந்த ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. விலை சுமார் பத்தில் ஒரு பங்காக இறங்கியது. 1994இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உள்பட 7 மாநிலங்களில் புரை ஒழிப்புத் திட்டம் வந்தபோது லென்ஸ் வைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. சோடாபுட்டி மெல்ல மறைந்தது. 'அவர்களுக்கு இது போதும்' என்று சொன்ன வாய்கள் பதில் சொல்லாமலே மூடிக்கொண்டன. எது முடியாது என்றார்களோ அது நம்ம ஊரிலேயே முடிந்தது. ஆகவே நூறுதான் முடியும் என்று யாராவது சொன்னால், அந்த நூறை யார் போட்டது என்று கேட்கிற உரிமை வரிசையில் நிற்கிறவருக்கு உண்டு.

இங்கே எண்ணுகிற முறையும் பார்க்க வேண்டும். குருடு என்று கணக்கில் எடுக்க ரெண்டு கண்ணில் நல்ல கண்ணைத்தான் பார்ப்பார்கள். நம்ம நாட்டில் நல்ல கண்ணால் 6 மீட்டரில் விரல் எண்ண முடியாதவர் என்று இருந்தது, 2017இல் உலக அளவுக்கு ஒத்துப்போக 3 மீட்டர் என்று மாற்றினார்கள். எந்த அளவாக இருந்தாலும், ஒரு கண் தெளிந்த அன்றைக்கே அந்த ஆள் கணக்கிலிருந்து போய்விடுகிறார். இடது கண் வெள்ளையாக முற்றிக் கிடந்த ஆத்தா அரசாங்கத்துக்குப் பார்வை திரும்பின ஆள். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 50 வயசைத் தாண்டிய பார்வையற்றவர்களில் நூற்றுக்கு 66 பேருக்குக் காரணம் புரை என்று வந்தது. ஒரு கண்ணில் புரையோடு சமாளிக்கிறவர்கள் அந்த 66இல் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், மற்றக் கண் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணின் பார்வை போனால் சம்பாதிக்கிற சக்தியில் 30 சதவீதம் போனதாக எழுதி வைத்தார்கள். கண்ணையே இழந்தால் 40. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது, ரெண்டாவது கண் அலங்காரம் இல்லை, உழைக்கிறவன் சொத்து என்று. மில்லில் போனால் அந்தக் கண்ணுக்கு விலை உண்டு. புரையில் போனால் மட்டும் 'ஒண்ணு இருக்குல்ல' என்பது எப்படிச் சரியாகும்? இந்தச் சண்டை பணக்கார நாட்டிலும் நடந்தது. இங்கிலாந்தில் சில பகுதிகளில் ரெண்டாவது கண்ணுக்குக் கெடுபிடி வைத்தார்கள். முதல் கண்ணுக்கு என்ன அளவுகோலோ அதேதான் ரெண்டாவதுக்கும் என்று அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2017இல் எழுத வேண்டியிருந்தது.

ரெண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யாததற்கு டாக்டர்கள் சொல்லும் காரணம் எனக்கு ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. அபூர்வமாக உள்ளே சீழ் பிடித்தால் ரெண்டு கண்ணும் ஒன்றாகப் போய்விடக் கூடாது. முதல் கண் எப்படி வந்தது என்று பார்த்து அடுத்ததுக்கு லென்ஸ் அளவைத் திருத்தவும் வசதி. பின்லாந்து மாதிரி சில இடங்களில் ஒரே நாளில் செய்கிறார்கள், அது அவர்கள் ஏற்பாடு. நான் சொல்வது வேற. வைத்தியத்துக்கு வேண்டிய இடைவெளி சில வாரம். எனக்கு இது அஞ்சாவது மாசம். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தாங்க. கூட வர வேண்டியவள் என் மகள். ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளை, லீவு போட்டால் சம்பளம் கிடையாது. முதல் கண்ணுக்கு அஞ்சு நாள் சம்பளம் போனது. சொட்டு மருந்து நேரத்துக்கு விட, பாரம் தூக்காமல் பார்த்துக்கொள்ள, தலைக்குத் தண்ணி படாமல் காக்க ஒரு ஆள் வேண்டும். ஆபரேசன் இலவசம். அதைச் சுற்றி இருக்கிறது இலவசம் இல்லை. மதுரை வட்டாரக் கிராமங்களை வைத்து 1999இல் வந்த ஒரு ஆய்வில், கண் தொந்தரவு இருந்த பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கே போயிருந்தார்கள் என்று தெரிந்தது. முகாம் போட்டால் மட்டும் சனம் வந்துவிடாது. அப்படி ஒரு தடவை வருவதே இந்தப் பாடு என்றால், ரெண்டாவது தடவை வருவது எப்பேர்ப்பட்ட பாடு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆத்தா சொன்ன 'எனக்கு இது போதும்'. கரண்டி பிடித்தவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாத நான், இலையில் உட்கார்ந்தவளே சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாமா? ரொம்ப நாள் இதற்குப் பதில் தெரியவில்லை. இந்த அஞ்சு மாசம் ரெண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்ததில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பழுப்பு மட்டுமே தெரிந்தவனிடம் 'இது வெள்ளைதானே' என்று கேட்டால் ஆமாம் என்பான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆமாம் வெள்ளைக்குச் சாட்சி ஆகாது. எங்க ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்த காலத்தில் 'டீ அதே டீதானே' என்றார்கள், எங்க பெருசுகளிலும் சிலர் 'ஆமா, அதே டீதான்' என்று குடித்தார்கள். பக்கத்துக் கிளாசில் குடித்துப் பார்க்க வாய்ப்பில்லாதவர் சொன்ன சம்மதம் அது. ரெண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு ஆத்தா 'ஒண்ணு போதும்' என்று சொல்லியிருந்தால் நான் தலை வணங்கியிருப்பேன்.

முகாமுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற தோழர்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் நோட்டில் பேரும் வயசும் எழுதி, ஆபரேசன் முடிந்தது என்று ஒரு கோடு இழுக்கிறீர்கள். இனிமேல் வலது, இடது என்று ரெண்டு கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் காலியாக இருக்கிற வரைக்கும் அந்த ஆளுக்கு வேலை முடியவில்லை. அடுத்த முகாம் என்றைக்கு, வண்டி எந்த இடத்தில் நிற்கும், காலனிக்கு முன்கூட்டியே சொல்வது யார், கூட வருகிறவருக்கு அந்த நாள் கூலிக்கு என்ன வழி, இதையும் அதே பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.